கண்ணாடிக்குள் ஒரு மரம்

செப்டம்பர் 9

அன்புள்ள சின்னவனுக்கு,

இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் போன வாரம் நாம் பேசிய லட்சணம் உனக்கு நினைவிருக்கும். நீ ஒன்று சொல்ல, எனக்கு வேறொன்று கேட்க, கடைசியில் இருவரும் கத்திவிட்டு வைத்தோம். காது மெஷினை மாட்டிக்கொண்டால் உன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. மாட்டாவிட்டால் வருவதே இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் செவிடு இல்லை.

விஷயம் நூலகத்தைப் பற்றியது. நீ கட்டிய நூலகம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மருந்துக்கடைக்காரரும் நானும் வழக்கம்போலக் குளத்துக்குப் பறவை பார்க்கக் கிளம்பினோம். என் பைனாகுலரை முதல் நாள் வாசிப்பறை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சாவி என்னிடம் இருக்கிறதே, எடுத்துக்கொண்டு போகலாம் என்று பின்பக்கமாக வந்தோம். கண்ணாடிச் சுவரின் அடியில் நீ சரளைக்கல் கொட்டி வைத்திருக்கிறாய் அல்லவா, அதன்மேல் ஒரு கதிர்க்குருவி கிடந்தது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சையும் மஞ்சளுமாக, கண் திறந்தபடி. பூனையின் வேலை என்று நினைத்துக் கையில் எடுத்தேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அலகின் ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு ரத்தம். நாலடி தள்ளி இன்னொன்று. மூலையில் மேலும் சில. எறும்பு மொய்க்க ஆரம்பித்திருந்தது.

மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஈப்பிடிப்பான் எதிர் மரத்திலிருந்து நேராக எங்கள் தலைக்கு மேல் பறந்து வந்தது. அது கண்ணாடியை நோக்கி வரவில்லை, தம்பி. கண்ணாடிக்குள் இருந்த மரத்தை நோக்கி வந்தது. உன் சுவரில் எதிர் மரம் அப்படியே தெரிகிறது. கிளை, இலை, நடுவில் வானம் எல்லாம் நிஜ மரத்தைவிடச் சுத்தமாக. வந்த வேகத்திலேயே மோதி, கல்லைப்போல என் காலடியில் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. "நல்லா 'தட்'டுன்னு கேட்டுச்சும்மா" என்றார் அவர். அவர் முகம் வெளுத்திருந்தது.  நூலகம் திறந்த ஆறு மாதமாக, அங்கே என் மேஜையில் அந்தக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் எத்தனை முறை அந்தச் சத்தம் வந்ததோ.

அன்று குளத்துக்குப் போகவில்லை. இதற்கு என்ன செய்யலாம் என்று உனக்குத்தான் தெரியும். எழுது.

உன் அக்கா

*

செப்டம்பர் 17

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் மாறவில்லை. ஒரு வரி மலையேறுகிறது, அடுத்த வரி இறங்குகிறது. படிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

நீ பயந்துபோயிருக்கிறாய், புரிகிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசி. உலகத்தில் கண்ணாடி வைத்துக் கட்டிய முதல் ஆள் நானில்லை. பறவைகள் பூனையிடம் சாகின்றன, வண்டியில் அடிபட்டுச் சாகின்றன, பசியில் சாகின்றன. ஒரு காலை வேளையில் நீ பார்த்ததை வைத்துக் கட்டடத்தையே கொலைகாரனாக்கிவிடாதே. அந்தச் சுவர் இல்லாவிட்டால் அந்த அறையில் பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருக்கும். திறப்பு விழா அன்று அதே கண்ணாடியில் வெயில் இறங்கியதைப் பார்த்து யார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று, அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைக் கேட்டுப் பார்.

உன் மனசு ஆற ஒரு வழி சொல்கிறேன். கறுப்புக் காகிதத்தில் பருந்து உருவம் ஒன்று வெட்டி உள்பக்கம் ஒட்டு. பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், பறவை பயந்து விலகிவிடும். ஒன்று போதும். அதற்கு மேல் ஒட்டினால் நர்சரிப் பள்ளி மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம், உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இந்த ஆண்டுக் கட்டட விருதின் கடைசிச் சுற்றுக்கு நம் நூலகம் போயிருக்கிறது. இங்கே நான் வரைந்துகொண்டிருக்கும் மருத்துவமனையும் அதைப் பார்த்துவிட்டு வந்த வேலைதான். அதிலும் இதே மாதிரிச் சுவர் வேண்டும் என்கிறார்கள். ஆகவே, இப்போதைக்கு உன் பறவைக் கூட்டத்தைக் கொஞ்சம் அடக்கி வை. பறவை பார்க்கிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் விதிவிலக்கு.

தம்பி

*

செப்டம்பர் 30

சின்னவனுக்கு,

பருந்து ஒட்டியாகிவிட்டது. வெட்டியவர் எங்கள் கூட்டத்தின் மூன்றாவது ஆள், பல் டாக்டர் அம்மா. உன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு உன்னையே திட்டி அனுப்பினாரே, அவரேதான். இறக்கை, வால் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. நானே ஒரு நிமிடம் பயந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியில் ஒரு புறா இருந்தது. புறா என்றால் புறா இல்லை, அதன் தடம். விரித்த இரண்டு இறக்கை, திருப்பிய தலை, இறகுகளின் ஒவ்வொரு கோடும், வெள்ளைத் தூளால் வரைந்ததுபோலக் கண்ணாடியில் பதிந்திருந்தது. இறகில் இருக்கும் தூள் அப்படி ஒட்டிக்கொள்ளுமாம். பருந்துக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. புறா கீழே கிடந்தது. பல் டாக்டர் அம்மா அந்தப் பருந்தை நகத்தால் சுரண்டி எடுத்து, கசக்கி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.  

நாங்கள் மூவரும் முறைபோட்டுக்கொண்டு தினமும் விடிகாலையில் கட்டடத்தைச் சுற்றி வருகிறோம். பூனைக்கும் காக்கைக்கும் முந்திக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ஆறு மாதமாக நடந்தது அதுதான். செத்துக் கிடப்பதை எடுத்து, எந்தச் சுவரின் அடியில் கிடந்தது என்று சீட்டு எழுதிக் கட்டிக் கல்லூரி விலங்கியல் துறைக்குக் கொடுக்கிறோம். உயிரோடு மயங்கிக் கிடந்தால் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து இருட்டில் வைக்கிறோம். சில பறவைகள் ஒரு மணி நேரத்தில் பைக்குள் படபடக்கும். திறந்துவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

கல்லூரியில் வாங்கிக்கொள்ளும்வரை ஊழியர் அறை ஃபிரிட்ஜில் வைத்தோம். அது தப்புதான். தலைமை நூலகர் தன் சாப்பாட்டு டப்பா என்று நினைத்து எங்கள் டப்பாவைத் திறந்துவிட்டார். உள்ளே மீன்கொத்தி. அன்று அவர் சாப்பிடவே இல்லை, என்னிடம் பேசவும் இல்லை. மறுநாள் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த நீலப் பறவை பேரு என்ன?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தியதால் மூன்று தடவை கேட்க வேண்டியதாயிற்று.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஒரு பருந்து போதாது, கண்ணாடி முழுவதும் வேண்டும். வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான இடைவெளியில். அவ்வளவு நெருக்கமாக இருந்தால்தான் நடுவில் புகுந்துபோக வழியில்லை என்று பறவைக்குத் தெரியும். வேறு ஊர்களில் பறவை பார்க்கிறவர்கள் இதைச் செய்து பார்த்து, மோதல் அடியோடு குறைந்திருக்கிறது. உள்ளே இருந்து பார்த்தால் இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். ஒட்டும் வேலையை நாங்களே செய்வோம். நூலகக் குழுவும் சரி என்கிறது. ஆனால் ஒப்பந்தப்படி வெளித்தோற்றத்தில் எதை மாற்றவும் உன் சம்மதம் வேண்டுமாம்.

ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் அக்கா

*

அக்டோபர் 6

அக்காவுக்கு,

நேற்று விருதுக் குழுவிலிருந்து ஒருவர் எனக்கு ஒரு பத்திரிகைப் பக்கத்தை அனுப்பி, "இது உங்க கட்டடம்தானே?" என்று கேட்டார். என் நூலகத்தின் படிக்கட்டு. அதன்மேல் வெள்ளைத் துணி. துணிமேல் வரிசை வரிசையாகச் செத்த பறவைகள். பின்னால் என் கண்ணாடிச் சுவர், வெயிலில் பளபளவென்று. தலைப்பை நான் திருப்பி எழுத விரும்பவில்லை.

படத்தில் பல் டாக்டர் நிற்கிறார், மருந்துக்கடைக்காரர் நிற்கிறார். நீ இல்லை. நீ இல்லாததால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. துணி உன்னுடையது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை விரிப்பின் ஓரத் தையல் எனக்குத் தெரியாதா?

பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன் என்று எழுதினேன். ஊரையே கூட்டி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாய். முகம் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் தொழில் என்று விட்டிருப்பேன். கூடப் பிறந்தவள் செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். எத்தனையோ மாதம் உட்கார்ந்து ஒரு கோடுகூட மிச்சமில்லாமல் துடைத்தெடுத்த சுவர் அது. அதில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இந்த மாத நடுவில் ஒரு பத்திரிகை படம் எடுக்க வருகிறது. அதற்குள் துணி, டப்பா, பை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்.

உன் எண்ணைப் போனில் அடைத்துவிட்டேன். நீ அனுப்பும் செய்தி எதுவும் வராது. கொஞ்ச நாள் இப்படியே இருப்போம்.

*

அக்டோபர் 14, காலை

சின்னவனே,

கோபம் இருக்கட்டும். அதை அப்புறம் பேசுவோம். துணி என்னுடையதுதான். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன், அது உண்மை.

இது வேறு. தலைமை நூலகர் இப்போதுதான் சொன்னார். படம் எடுக்கிறவருக்காக நாளை ராத்திரி முழுக்க நூலகத்தில் எல்லா விளக்கையும் எரிய விடச் சொல்லியிருக்கிறாயாம். நான்கு தளமும், மாடித் தோட்டமும். வேண்டாம்.

நன்றாகக் கேள். இது பறவைகள் ஊர் மாறும் காலம். சின்னப் பறவைகள் ராத்திரியில்தான் பறக்கும். இரண்டு நாளாக மழை, எல்லாம் எங்கோ அடைந்து கிடக்கின்றன. நாளை மழை விட்டு வாடைக்காற்று திரும்பும் என்கிறார்கள். காற்றைப் பார்த்ததும் மொத்தமாகக் கிளம்பும். ஆனால் மேகம் கலையாது, தாழ இறங்கி நிற்கும். பறவைகளும் தாழ வரும். ஊர் இருட்டுக்கு நடுவே உன் கட்டடம் மட்டும் எரிந்தால் அந்த வெளிச்சத்தை விட்டு அவற்றால் போக முடியாது. சுற்றிச் சுற்றி வந்து மோதும். வேறு இடங்களில் நடந்திருக்கிறது, நான் படித்திருக்கிறேன். 

தலைமை நூலகரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "உங்க தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் அணைச்சிடறேன்" என்கிறார். உன் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். நீ வெளியே போயிருக்கிறாய் என்று வைத்துவிட்டார்கள். அதனால் அவசரக் கொரியரில் உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். நாளை மதியத்துக்குள் வந்துவிடும் என்கிறான்.

படம் எடுத்து முடிந்ததும் அணைத்துவிடச் சொன்னால்கூடப் போதும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருக்கு ஒரு போன் போடு.

அக்கா

*

அக்டோபர் 17

அக்கா,

உன் கொரியர் கதவிடுக்கில் கிடந்தது. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ எழுதியபோதே நான் கிளம்பி உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லாமல் வந்து சொல்லாமல் திரும்பிவிட வேண்டும் என்று திட்டம். நூலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் விடுதியில் அறை எடுத்திருந்தேன்.

படக்காரர் சாயங்காலமே தொடங்கிவிட்டார். மேகம் தாழ்ந்து, கட்டடம் மட்டும் விளக்கு மாதிரி நின்றது. அவர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடிவதற்குச் சற்று முன்பும் எடுக்க வேண்டும், விளக்கு அப்படியே இருக்கட்டும் என்றார். சரி என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டு நன்றாகத் தூங்கினேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஒரு காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். புல்வெளியெல்லாம் இலை கொட்டிக் கிடந்தது. ராத்திரி காற்று பலமோ என்று நினைத்தேன். அப்புறம்தான், எதிர் மரத்தில் ஓர் இலைகூடக் குறையவில்லையே என்று உறைத்தது. காலைத் தூக்கி வைக்கப் போன இடத்தில் ஒன்று கிடந்தது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த அடியிலும் ஒன்று. நாலாபக்கமும். காப்பி கையில் சாய்ந்து கொட்டிச் சுட்டிருக்கிறது. இன்றுதான் கொப்புளத்தைப் பார்க்கிறேன்.

நீ சுவரின் அடியில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாய். உன் பின்னால் வந்து நின்றேன். உனக்குக் கேட்கவில்லை. நீ திரும்பாமலே ஒரு காகிதப் பையை மேலே நீட்டி, "இத பிடிங்க. வாயை நல்லா மூடிப் பிடிங்க, உயிர் இருக்கு" என்றாய். யாரோ உன் கூட்டத்து ஆள் என்று நினைத்திருப்பாய். வாங்கினேன். பைக்குள் அது ஒரு தடவை அசைந்தது. அவ்வளவு லேசாக ஒரு கனம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

அதன்பின் நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"நீ இங்கதான் இருந்தியா" என்றாய்.

நீ திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். அந்த மூன்று வார்த்தை மட்டும்தான் சொன்னாய். உங்களோடு சேர்ந்து பொறுக்கினேன். முடிந்ததும் பையைப் பல் டாக்டர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். உன் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் நான் ஊருக்குக் கிளம்பினேன் என்று நீ நினைத்திருப்பாய், அதைப் படித்துவிட்டும் அணைக்கவில்லை என்று. இல்லை அக்கா. நீ எழுதியதே எனக்குத் தெரியாது. ஆனால் அதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. போன மாதமே நீ எழுதியதைப் படித்தவன்தானே.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. நான்கு சுவருக்கும். உடனே ஒட்டுங்கள். உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

அந்தப் பைக்குள் இருந்தது என்ன ஆயிற்று?

தம்பி

*

அக்டோபர் 24

சின்னவனுக்கு,

பிழைக்கவில்லை. பிழைத்துப் பறந்துவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லாததால் இரண்டு நாள் தள்ளிப்போனது. அது ஒரு பூங்குருவி. நீ கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. வேறு பைகளில் இருந்தவை பறந்தன. அன்று விட்டவையும் நிறைய, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் செத்தவை எத்தனை என்று எழுதக் கை வரவில்லை. மருந்துக்கடைக்காரர் எண்ணினார். எண்ணி முடித்ததும் கடையைத் திறக்கப் போனவர், வாசலிலேயே உட்கார்ந்து அழுதாராம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆமாம், நீ படித்துவிட்டும் அணைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் முழுக்க அப்படி நினைத்துக்கொண்டு சோறு தின்றேன். அது இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது.

ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இன்னும் இருக்கிறது. அதில் பாதி உன்மேல். மீதி எங்கே போகிறது என்று சொல்கிறேன். அன்று எல்லாம் முடிந்து கை கழுவும்போது பல் டாக்டர் அம்மா என் காதோரம் வந்து, தெளிவாக, "நூலகச் சாவி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கில்ல?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சாவி என் கைப்பையில் இருந்தது. மெயின் சுவிட்ச் எங்கே என்றும் எனக்குத் தெரியும். உன் சம்மதத்துக்குக் காத்திருந்தேனே தவிர, நானே போய் அதைக் கீழே இழுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலை போயிருக்கும். போனால் போகட்டுமே. குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றேன். 

இனிமேல் அப்படி இல்லை. தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டேன், பறவை வரும் காலத்தில் சாயங்காலம் பூட்டும்போது நானே சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவேன் என்று. "நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். பல் டாக்டர் அம்மா பக்கத்துக் கட்டடங்களுக்குப் போய் ஒவ்வொரு மேனேஜராகப் பிடிக்கிறார். அவரிடம் பல் காட்டியவர்கள் யாரும் முடியாது என்று சொல்லத் துணிவதில்லை. வங்கி மாடி விளக்கு இந்த வாரமே அணைந்துவிட்டது.

புள்ளி ஒட்டும் வேலை தொடங்கிவிட்டோம். கை வலிக்கிறது. மற்றபடி நலம்.

உன் அக்கா

*

நவம்பர் 19

அக்கா,

இதோடு ஒரு படம் அனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படித்துவிட்டு அப்புறம் உறையைப் பிரி.

பத்திரிகை ஆசிரியர் போன வாரம் கூப்பிட்டார். அட்டைக்கு அந்த ராத்திரிப் படத்தைத்தான் எடுத்துவைத்திருக்கிறார்கள். "ஒரே ஒரு குறை சார், மேல வானத்துல நிறையத் தூசி விழுந்திருக்கு. சுத்தம் பண்ணிடட்டுமா?" என்றார். பெரிதாக்கி அனுப்பச் சொன்னேன். வந்தது. கட்டடத்துக்கு மேலே, மேகம் வரைக்கும், வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கோடுகள். எல்லாம் வளைந்து வளைந்து கூரையைச் சுற்றி நிற்கின்றன.

அது தூசி இல்லை.

படக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினாரே, அந்த நேரத்தில் எடுத்தது. அப்போது நாங்கள் இருவரும் அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்தோம். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை, கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துடைக்க வேண்டாம், அது என்ன என்று கீழே எழுதிப் போடுங்கள் என்றேன்.  கடைசியில் பகலில் எடுத்த வேறொரு படத்தைப் போட்டுவிட்டார்கள். விருதுக் குழுவுக்கு, புள்ளி ஒட்டிய சுவரைப் பார்க்க வாருங்கள், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. வராது என்றே நினைக்கிறேன்.

நேற்று மருத்துவமனைக் கூட்டம். சுவரின் வரைபடத்தை மாற்றி எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியிலேயே புள்ளி அச்சிட்டது. மரத்தைப் பார்த்த பக்கத்தில் கண்ணாடியைக் குறைத்தாகிவிட்டது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு நூலகம் மாதிரிதான் வேண்டும் என்றார்கள். இந்தப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மருத்துவமனைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கே. மேல என்ன, நட்சத்திரமா?"

"பறவைங்க," என்றேன். "காலையில எல்லாம் கீழ கிடந்துச்சு."

அவர் படத்தின்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். சூடுபட்டதுபோல. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வரைபடத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் நீயும் உன் கூட்டமும் வந்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பறவை எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த மரத்தில் இறங்குகிறது என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. கட்டிய பிறகு நீங்கள் பொறுக்குவதைவிடக் கட்டும் முன் நீங்கள் சொல்வது நல்லது.

தம்பி

*

மார்ச் 27

அன்புள்ள சின்னவனுக்கு,

மருத்துவமனை இடத்தில் எங்களை வெயிலில் நடக்கவிட்டுக் கொன்றாயே, பல் டாக்டர் அம்மா இன்னும் உன்னை வைதுகொண்டிருக்கிறார். ஆனால் அங்கே குட்டையோரமாக வரவிருந்த சுவரை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டாய் என்று எழுதியதைப் படித்துவிட்டு, கிளினிக்கில் எல்லோரிடமும் காட்டினாராம்.

நீ அனுப்பிய ராத்திரிப் படத்தை நான் சுவரில் மாட்டவில்லை. மாட்டச் சொல்லித் தலைமை நூலகர் கேட்டார், என்னால் முடியவில்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் சேர யாராவது வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். இப்போது மூவர் இல்லை நாங்கள், நடைபாதை முழுக்க அடைத்துக்கொண்டு நடக்கிறோம். வாசகர்கள் புள்ளியைப் பார்த்து ஒரு வாரம், கண்ணில் பூச்சி பறக்கிறது என்றார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பறவைகள் வடக்கே திரும்பத் தொடங்கிவிட்டன. அன்று அதே வானிலை. மழை விட்டு, காற்று திரும்பி, மேகம் தாழ்ந்து. பூட்டும்போது விளக்கையெல்லாம் நானே இறக்கினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் எங்கே வரும். விடிவதற்குள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள், ஆளுக்கு ஒரு கட்டுக் காகிதப் பையோடு. யாரும் முதலில் போக மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் நான்தான் போனேன்.

கிழக்குச் சுவரின் அடியில் ஒன்றுமில்லை. பின்பக்கம் ஒன்றுமில்லை. புல்வெளியில் பனி மட்டும். மருந்துக்கடைக்காரர், பூனை வந்திருக்கும் என்றார். பூனை வந்தால் இறகாவது கிடக்கும். பல் டாக்டர் அம்மா நம்பாமல், அந்த வயதில், தவழ்ந்துபோய்ச் செடிக்கு அடியிலெல்லாம் தேடினார். முட்டியில் சேறோடு எழுந்து வந்து கையை விரித்தார். இன்னொரு சுற்று வந்தோம். மூன்றாவது சுற்றும் வந்தோம். மேற்கு மூலையில், இன்னும் ஒட்டி முடிக்காத இடத்தில் ஒரே ஒரு கதிர்க்குருவி மயங்கிக் கிடந்தது. பையில் போட்டு வைத்தோம். வெயில் ஏறும் முன் பறந்துவிட்டது.

அதன்பின் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.   இவ்வளவுதானா என்று தோன்றியது. கொஞ்சம் வெள்ளைப் புள்ளி, ஒரு சுவிட்ச், இவ்வளவுதானா. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எல்லோரும் இழவு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். கட்டுப் பிரிக்காத பைகள் மடியில் அப்படியே இருந்தன.

மேற்கு மூலையை ஒட்ட வேண்டும். ரொம்ப உயரம், எங்கள் ஆட்களில் யாருக்கும் ஏணி ஏறத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. காலையிலேயே வா.

உன் அக்கா